அடிக்காத சைரன்

அடுத்தவர் தூக்கத்தைக் கெடுப்பது எனக்கு எப்போதுமே பிடிக்காது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.

எங்கள் ஊரில் மூன்று தெருக்கள்தான் இருந்தன. சோளக் கொல்லையில் எண்ணெய் பீறிட்ட பிறகு பதினொன்றாகின. பகல் வேலைக்காரன் எழுந்துபோன கட்டிலில், சூடு ஆறுவதற்குள் இரவு வேலைக்காரன் வந்து படுப்பான். தையல்காரர் கல்யாணத் துணிகளை ஓரங்கட்டிவிட்டு, எண்ணெய்க்கறைச் சட்டைகளுக்கு ஒட்டுப்போட்டார். பள்ளிக்கூடத்தில் மணி அடித்துக்கொண்டிருந்த என்னைக் கொண்டுபோய் சைரன் அறையில் உட்காரவைத்தார்கள். மணி அடிக்கிறவனுக்கு சைரன் அடிக்கத் தெரியாதா என்று நினைத்திருப்பார்கள்.

ஒரே நாள்தான் பயிற்சி. எண்ணெய்க் கிணற்றில் விஷவாயு கசிந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அதிகமாகக் கசிந்தால் மூக்கு மரத்துப்போய், நாற்றம் நின்றுவிட்டது போலிருக்கும். அப்போதுதான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். அன்றைக்குப் பிடித்த பயம் என்னை விடவேயில்லை. சாப்பாட்டுத் தட்டைக்கூட மோந்து பார்ப்பேன். தூங்குகிற மகளின் மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன்.

சைரன் அறையில் இருந்த, வாயுவை அளக்கும் கருவியின் முள் மூன்று தடவை சிவப்பைத் தொட்டது. மூன்று தடவையும் அடித்தேன். ஊரே அரைத்தூக்கத்தில் இடுப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஓடியது. மூன்று தடவையும் ஒன்றுமில்லை. கருவியில் கோளாறு என்றார்கள். என் மனைவியின் அண்ணன் விடுதி நடத்துகிறவர். அவர்தான் எனக்குப் 'புலி' என்று பெயர் வைத்தார். "என்ன மாப்ள, இன்னிக்குப் புலி வருமா?" என்று நடுத்தெருவில் கேட்பார். பல் விளக்கிக்கொண்டிருப்பவன்கூட நுரையும் வாயுமாகச் சிரிப்பான். ஒருநாள் என் மகளும் சிரித்தாள்.

நான்காவது தடவை பட்டப்பகல். முள் சிவப்பைத் தாண்டிப் போய் நின்றது. ஜன்னல் இடுக்கில் நாற்றம் வந்தது. மனைவிக்குப் போன் செய்து, "பாப்பாவைக் கூட்டிக்கிட்டு உடனே மேட்டுக்குப் போ" என்றேன்.

"அண்ணன்கிட்ட சொல்லட்டுமா?"

"நான் சொல்லிக்கிறேன். நீ போ."

சொல்லத்தான் இருந்தேன். அதற்குள் அவரே கூப்பிட்டுவிட்டார். "மாப்ள, லேசா ஒரு நாத்தம் வந்துச்சு, இப்ப போயிடுச்சு. இதுக்குப் போய் அடிச்சுத் தொலைச்சிடாதீங்க. ஆளுங்க இப்பத்தான் படுத்திருக்காங்க."

நாற்றம் போய்விட்டது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். "சரிங்க மச்சான்" என்றேன். மூத்தவர் பேச்சைத் தட்டிப் பழக்கமில்லை. முகமூடி ஒன்றுதான் கொடுத்திருந்தார்கள், மாட்டிக்கொண்டேன். கதவைத் தாழ்போட்டேன்.

முதலில் ஒரு நாய் படுத்தது. பிறகு சைக்கிளோடு ஒருவர் சாய்ந்தார். தையல்காரர் அவரைத் தூக்கக் குனிந்தார், நிமிரவில்லை. விடுதியில் ஒரு ஜன்னலும் திறக்கவில்லை. அங்கே முப்பத்தொரு பேர் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது ஐயா. பொத்தான்மேல் விரலை வைத்தபடியேதான் நின்றேன். அடித்து, இதுவும் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால்?

அப்போதுதான் மச்சான் தள்ளாடிக்கொண்டு வந்தார். இரண்டு கையாலும் ஜன்னல் கண்ணாடியில் அறைந்தார். "அடிங்க மாப்ள... அடிங்க..."

நான் கண்ணாடி பக்கத்தில் போய், மரியாதையாகத்தான் கேட்டேன்.

"சிரிக்க மாட்டீங்களே?"

அவர் தலை ஆடியது. இருமலில் ஆடியதா, சரி என்று ஆடியதா, நான் என்னத்தைக் கண்டேன்? வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடித்திருப்பேன். அவர் சரியும்வரை காத்துக்கொண்டுதான் இருந்தேன்.