சக்ஸபோனுக்குள் ஒரு சேவல்

முல்லைத்தீவிலிருந்து பரந்தன் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர். இருவருக்கும் அறுபது தாண்டியிருக்கும். கண்ணாடி போட்டவர் சொன்னதைக் கேட்டதும் என் தூக்கம் போய்விட்டது.

“மருமோன் வெளிநாட்டிலயிருந்து அந்த ஜாஸ் இசைத்தட்டை அனுப்பினவன். அதில சேவல் இல்லை.”

“எப்பிடி இருக்கும்?” என்றார் மற்றவர். “ரேடியோவுக்கு முன்னால ரெக்கோடரை வச்சு நீங்கள் பதிஞ்சபடியால்தானே உங்கட வீட்டுச் சேவலும் சேந்து கூவினது.”

“சக்ஸபோன் சத்தம் மேல ஏறிப் போகேக்க சேவல் கூவும். இதில அந்த இடம் வெறுமையாக் கிடக்கு.”

“உங்கட கசெட்டிலயிருந்து எடுத்த கொப்பியை நான் சேவலைத் திட்டித் திட்டித்தான் இவ்வளவு காலமும் கேட்டனான். இண்டைக்குக் காலமைதான் மகனிட்டைக் குடுத்தனான். கொம்பியூட்டரில ஏத்தி, சேவலை அழிச்சுப்போட்டுக் கசெட்டை எறியச் சொன்னனான்.”

“ஐயோ, என்ர கசெட் இடம்பெயரேக்கையே துலைஞ்சு போச்சு.”

“அதுக்கென்ன? உங்களிட்டை இப்ப நல்ல பதிவு இருக்குத்தானே.”

“சேவல் கூவின உடனை, ‘சூ, அங்கால போ’ எண்டு ஒரு ஆள் கலைக்கிறது கேக்கும்.”

“ஓம், மெதுவாக் கேக்கும்.”

“அது என்ர மனுசி. அவா உயிரோட இருக்கேக்க அவவின்ர குரலை வேற ஒண்டிலயும் பதியேல்லை.”

மற்றவர் போனை எடுத்து மகனை அழைத்தார்.

“தம்பி, அந்தக் கசெட்டை எறிஞ்சுபோடாத. இல்லை, கொம்பியூட்டரிலயும் ஒண்டையும் அழிக்காத. ஓமடா, சேவல் கூவட்டும்.”