செல்லாத மொழி

கம்பம் பஸ் சின்னமனூரில் நின்றபோது, முன்சீட்டுப் பெண் தன் நாத்தனாரிடம், "நாங்க எழுதுன மொழி இனி செல்லாதாம்" என்றாள். என் காது தானாக அங்கே போய்விட்டது.

"யாரு மதினி சொன்னது?"

"போன் கம்பெனிக்காரவுக. ஏலக்கா விலை சொல்ற நம்ம ஆப்பை, அவுக சொல்ற மொழியில புரோகிராம் எழுதுனாத்தான் ஏத்துக்கிருவாகளாம்."

"அண்ணன் துபாய்ல இருந்தே மாத்திருவாகல்ல?"

"மாத்திருவாக. பழசுன்னா பாதி நான் எழுதுவேன், பாதி அவுக. சாயங்காலமெல்லாம் போன்ல கூடவே இருப்பாக. புதுசு எனக்குத் தெரியாதே."

"அண்ணன்கிட்டயே கத்துக்கிருங்க."

"போன்ல சொன்னா மண்டையில ஏறாது, ஊருக்கு வந்து பக்கத்துல ஒக்காந்து சொல்லிக்குடுங்கன்னுட்டேன்."

"பழசைப் போன்லதான மதினி கத்துக்கிட்டீக?"

"அது ஒங்கண்ணனுக்கும் தெரியும்."