கை பழக வேண்டாமா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் ஐயா, எனக்குக் கட்டுப் போட வராது. பயிற்சிப் பள்ளியில் ரப்பர் பொம்மைக்கு நான் போட்ட கட்டு, கட்டிலை நகர்த்தியதும் அவிழ்ந்து தரையில் கிடந்தது. “பொம்மைங்கறதால பேசாம கிடக்குது. மனுஷன்னா எழுந்து ஓடியிருப்பான்” என்றார் டீச்சர். வகுப்பே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் நான்தான்.

துணை நர்ஸ் படிப்பு என்பது கையால் படிப்பது. வார்டுப் பயிற்சியில் ஒவ்வொரு வேலையையும் நிஜ நோயாளிக்கு ஒரு தடவையாவது செய்திருக்க வேண்டும்; இல்லையென்றால் தேர்வு எழுத விடமாட்டார்கள். என் கெட்ட நேரம், எனக்கு வாய்த்த வார்டின் ஹெட் நர்ஸ் அக்கா மகா கண்டிப்பு. நோயாளிகளைப் புரட்டிப் புரட்டிப் படுக்கவைத்து ஒருவருக்கும் படுக்கைப்புண் வரவிடவில்லை. புண்ணே இல்லாத வார்டில் நான் எங்கே போய்க் கட்டுப் போடுவது?

மூலைக் கட்டிலில் ஒரு பஸ் டிரைவர் இருந்தார். பக்கவாதம், வலப்பக்கம் அசையாது, பேச்சும் போய்விட்டது. அவரைப் புரட்டும் பொறுப்பு எனக்கு. புரட்டிவிட்டேன் என்று சொன்னேன், புரட்டவில்லை. பார்க்கப்போனால் நான் எதுவுமே செய்யவில்லை. இடுப்புக்குக் கீழே முதலில் சிவந்தது, பிறகு தோல் உரிந்தது. என் முதல் கட்டு வழக்கம்போல் நழுவியது. தினம் போட்டுப் போட்டுக் கை பழகியது; கொஞ்ச நாளில் ஹெட் நர்ஸ் அக்காவே மற்ற மாணவிகளைக் கூப்பிட்டு, இப்படிப் போடணும் என்று என் கட்டைக் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

டிரைவரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீ இல்லேன்னா இவர் கதி என்ன ஆயிருக்குமோ, தங்கச்சி.” டிரைவர் என்னையே பார்த்தபடி இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டினார். “பாரு, உனக்கு நன்றி சொல்றார்” என்றார் மனைவி. நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது, தொண்டையில் அடைத்ததைக் குழாய் விட்டு உறிஞ்சி எடுப்பது. வார்டில் எல்லாரும் ஒழுங்காக விழுங்கித் தொலைத்தார்கள். டிரைவருக்கு மட்டும் விழுங்க வராது, வாய்வழி எதுவும் கொடுக்கக் கூடாது. மல்லாக்கப் படுக்கவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். உறிஞ்சு குழாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கொடுத்தேன். நான் ஒன்றும் பொறுப்பில்லாதவள் அல்ல. முகம் நீலம் பாரித்தது; குழாய் விட்டு உறிஞ்சியதும் மூச்சு திரும்பியது. ஓடி வந்த டீச்சர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

கடைசியாக ஒன்று பாக்கி: இறந்தவரைத் துடைத்து, கண்ணை மூடி, தாடையைக் கட்டி, துணி சுற்றுவது. “அதுக்கு யாராவது போகணுமேடி, அதுக்குள்ள நம்ம பயிற்சியே முடிஞ்சிடும்” என்றாள் கூடப் படிப்பவள். அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு விளையாட்டும் சரியாக வராது.

இந்தத் தடவை உறிஞ்சு குழாயை எடுத்து வைக்கவில்லை. டிரைவர் வாயை இறுக மூடிக்கொண்டு, இடது கையால் தண்ணீர் டம்ளரைத் தள்ளினார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். “கொஞ்சம் குடிங்கண்ணே” என்றேன். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் குடிக்கவைத்தேன், அசைவு நிற்கும்வரை கையை விடவில்லை.

தாடைக் கட்டு இம்மியும் நழுவவில்லை. “தூங்கற மாதிரியே இருக்காரே” என்று அவர் மனைவி என் தோளில் சாய்ந்து அழுதார். நானும் அழுதேன் ஐயா, நிஜமாகவே அழுதேன்.

பக்கத்துக் கட்டில்காரர் தூங்குகிறார் என்று நினைத்தது என் தப்பு. யார் தூங்குகிறார், யார் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார் என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. அதற்கும் அனுபவம் வேண்டும்.

எல்லாம் சொல்லிவிட்டேன். ஸ்டேஷனிலிருந்து என்னை எப்போது அனுப்புவீர்கள்? நாளை முதல் எனக்குக் குழந்தைகள் வார்டு. அங்கே பிள்ளைகளெல்லாம் மளமளவென்று தேறிவருகிறார்களாம். அதை நினைத்தால்தான் கொஞ்சம் கவலையாக இருக்கிறது.