மூன்றாவது கட்டமும் பச்சை

எங்கள் அலுவலகத்தில் நாற்காலிகள் நல்லவை. அவற்றில் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றித்தான் அப்படிச் சொல்ல முடியாது.

நோயாளியின் நரம்பில் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் கருவிக்கு நாங்கள் மென்பொருள் எழுதுகிறோம். ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் வேறு. மொத்தம் மூன்று வகை இயங்குதளங்கள். யார் ஒரு வரியை மாற்றினாலும், மூன்றிலும் தானாகவே ஓட்டிப் பார்த்து, சுவர்த்திரையில் மூன்று கட்டங்களாகக் காட்டும் சோதனையை அமைத்தவன் நான். சரியென்றால் பச்சை, தவறென்றால் சிவப்பு. மூன்றும் பச்சையானால் மென்பொருள் நேரே ஆஸ்பத்திரிகளுக்குப் போய்விடும். ஏழு மாத உழைப்பு.

மேனேஜர் என் மனைவியின் அண்ணன். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்தத் திரையைக் காட்டி, "நம்ம ஐடியா" என்பார்.

ஒரு திங்கட்கிழமை மூன்றாவது கட்டம் சிவந்தது.

"என்ன மாப்ள, சிவப்புக் கொடி பிடிக்கிறியா?"

நாற்காலிகள் குலுங்கச் சிரித்தார்கள்.

"மூணாவதுல தப்பு இருக்கு. சோதனை அறிக்கை அனுப்பினேனே, படிச்சீங்களா?"

"நாப்பது பக்கத்தை எவன் படிப்பான்? எனக்குப் பச்சை வேணும். அது உன் பாடு."

நான் படித்திருந்தேன். முப்பத்தோராம் பக்கம். அந்த ஒரு இயங்குதளத்தில் மட்டும் எங்கள் நிரல் தசமப் புள்ளியை விழுங்கிவிடுகிறது. திரையில் 1.5 என்று ஒழுங்காகத் தெரியும். கருவிக்கு 15 என்று போகும்.

சரிசெய்ய அரை மணி நேரம் போதும். நான் இரண்டு நிமிட வேலையைச் செய்தேன். மூன்றாவதன் முடிவு எதுவானாலும் பச்சை காட்டு என்று ஒரே ஒரு வரி.

பச்சை வந்ததும் கைதட்டினார்கள். எப்படி வந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மாடுகூடப் பச்சையை முகர்ந்து பார்த்துத்தான் வாயில் வைக்கும்.

பதினோரு நாள் ஒன்றும் நடக்கவில்லை. எல்லோருக்கும் முழு எண்ணிலேயே மருந்து போயிருக்க வேண்டும். பன்னிரண்டாம் நாள் மதியம் ஒரு நர்ஸ் போன் செய்தார்; கருவியில் சந்தேகமென்றால் கூப்பிட ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுத்திருந்த எண் என்னுடையது. கால் முறிந்த பஸ் டிரைவருக்கு வலி மருந்து ஏற்றிக்கொண்டிருந்தாராம்.

"சார், ஒன்னரைதான் போட்டேன். மருந்து மளமளன்னு எறங்குது. ஆளு கூப்பிட்டாலும் சரியா முழிக்க மாட்டேங்கறார்."

"திரையில என்னம்மா காட்டுது?"

"ஒன்னரைன்னுதான் சார்..."

"அப்ப ஒன்னரைதாம்மா."

என் திட்டம் எளிமையானது. மென்பொருளோடு ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் வெளியீட்டுக் குறிப்பின் அடியில் பெருமையாக மின்னிய பெயர் மேனேஜருடையது. ஓர் உயிர் போனால்தான் அந்தப் பெயரும் போகும். அன்று மாலைக்குள் டிரைவர் போய்ச் சேர்ந்தார்.

நான் கல்நெஞ்சன் இல்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. அந்த அம்மா இன்னொரு தடவை கேட்டிருந்தால் கருவியை நிறுத்தச் சொல்லியிருப்பேன். நீங்கள் நீட்டுகிற இந்தப் பட்டியலும் சரிதான். நான் போனை வைத்த அடுத்த இருபது நிமிடத்தில் அந்த நர்ஸ் எண்ணிலிருந்து ஆறு அழைப்புகள். மணி அடித்தது எனக்குக் கேட்டது. நான் எடுக்கவில்லை.