வலது சுற்றுக்கு வலது கை

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், நாசி கண்டார் சோற்றுக் கடை வரிசையில் எனக்கு முன்னால் ஓர் அக்காவும் தங்கையும் நின்றார்கள்.

"தப்பான கையை வச்சேன்க்கா, பைலட் டெஸ்ட்ல ஃபெயில்," என்றாள் தங்கை.

"கையா?"

"மேகத்துக்குள்ள வெளிய ஒண்ணும் தெரியாது. இறங்க முறை வர்ற வரைக்கும் வட்டமடிக்கணும். அதுல எப்படி நுழையறதுன்னு காம்பஸ் மேல கையை வச்சுப் பார்ப்பேன். வலது சுத்துக்கு வலது கை. நான் இடது கைக்காரி, பழக்கத்துல இடதை வச்சு, தப்பான பக்கமா நுழைஞ்சிட்டேன்."

"அடுத்த மாசம் பார்த்துக்கலாம்லா."

"முடியாது. நாளைக்கே மறுபடியும் டெஸ்ட்டுக்குப் பறக்கிறேன்."

கடைக்காரர் தட்டை நீட்டினார். தங்கையின் இடது கை தானாக எழுந்தது. அதைச் சட்டென்று பாக்கெட்டுக்குள் திணித்துவிட்டு, வலது கையால் வாங்கினாள்.