மைமூக்கி பார்த்த வெங்காயத்தோல்

— கையை எடு, மைமூக்கி. பளிச்சுனு வெச்சிருந்தேன், அதையும் கலைச்சுட்டே.

— கலைக்கலை லீடரே. நீ வெச்சது ஒரே புகையா இருந்துது. சின்னத் திருகைத் துளியூண்டு திருப்பினேன், வெங்காயத்தோல் செங்கல் செங்கலா வந்து நிக்குது. நீயே பாரு.

— எங்கே நிக்குது? சோப்புத் தண்ணி மாதிரி இருக்கு. லென்ஸ்ல விரலை வெச்சியா?

— சத்தியமா இல்லை.

— சட்டை நுனியால துடைச்சியா?

— லென்ஸ் பேப்பராலதான், பூவைத் தொடற மாதிரி. துணி பட்டா கீறல் விழும்னு நீதானே அரை மணி நேரம் பாடம் எடுத்தே.

— அப்போ பெரிய திருகைத் தொட்டிருப்பே. போன வாரம் பின் மேஜைக்காரங்க அதைத் திருப்பித்தான் ஸ்லைடை நொறுக்கினாங்க. மைக்ராஸ்கோப்புக்கு நான் பொறுப்பு. டீச்சர், கொஞ்சம் வாங்களேன்.

— என்னம்மா, இன்னிக்கும் பஞ்சாயத்தா?

— காலையிலயே சொன்னேனே டீச்சர், இவ என் பக்கத்துல வேண்டாம்னு. நான் எழுதறதை எல்லாம் எட்டி எட்டிப் பார்த்து எழுதறா. இப்போ மைக்ராஸ்கோப்பையும் கெடுக்கறா.

— டீச்சர், மாத்தாதீங்க டீச்சர். இவ நாள் பூரா திட்டுவா, ஆனா எனக்கு இவதான் ஃப்ரெண்டு.

— இருங்க, முதல்ல நான் பார்க்கறேன். ம்ம், மங்கலாத்தான் இருக்கு. கடைசியா யார் திருப்பினது?

— நான்தான் டீச்சர். எனக்குப் பளிச்சுனு தெரிஞ்சுது. அப்பவே வரைஞ்சும் முடிச்சுட்டேன்.

— காட்டு நோட்டை. அடேயப்பா, ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் உட்கருவைக்கூட விடாம போட்டிருக்கே. இந்த மங்கல்லயா இதெல்லாம் தெரிஞ்சுது?

— அது என்னைப் பார்த்து வரைஞ்சது இல்லை டீச்சர். உண்மையைச் சொல்லணும்ல, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

— சரி, உன் மூக்குல ஏம்மா மை?

— எழுதறப்போ ஒட்டிக்கும் டீச்சர். நோட்டுல மூக்கு இடிச்சுக்கிட்டே இருக்கும். இவ எனக்குப் பேர் வெச்சதே அதை வெச்சுத்தான்.

— ஓஹோ. யார் யாருக்கு எந்த மேஜைன்னு இப்பத்தான் போர்டுல மாத்தி எழுதினேன். உன்னுது எதுன்னு இங்கேருந்தே படி பார்க்கலாம்.

— அதை இவ இன்னும் எழுதலையே டீச்சர்.

— இவ எதுக்கு எழுதணும்? போர்டுல இவ்வளவு பெருசா இருக்கே.

— போர்டுல இருக்கறது இவ்வளவு தூரத்துலேர்ந்து யாருக்கு டீச்சர் தெரியும்? இவ நோட்டுல எழுதினாத்தானே தெரியும்?

— டீச்சர், அந்த போர்டை அழிச்சுடுங்க. இவ என் பக்கத்துலயே இருக்கட்டும். கண்ணாடி வாங்கிப் போடற வரைக்கும் நான் பெருசு பெருசா எழுதறேன்.