பெயரில்லாத இரண்டு மூட்டைகள்

பெருமதிப்பிற்குரிய தலைவர் ராஜமாணிக்கம் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே, மலைக்காற்றின் குளிரைப் பொறுத்துத் தேரடி வீதியில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, இன்று கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வந்த வணிகப் பெருமக்களே, வணக்கம்!

உணவுச் சட்டத்தை விளக்க அறிஞர்கள் வந்திருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது ஒரு காலைப்பொழுதை. ஐந்தாண்டுகளுக்கு முன் கீழ்பென்னாத்தூரில் விடிந்த ஒரு வெள்ளிக்கிழமையை!

என் எதிர்வீட்டுக்காரர் சந்திரம்மாள். முதல்நாள் மாலை கடையில் வாங்கிய அரிசிமாவில் கோலம் போட்டுவிட்டு உள்ளே போனார். நான் வாசல் பெருக்க வந்தபோது, அந்தக் கோலத்தின் மேல் குனிந்தபடி நின்றிருந்தார்.

“சரோஜா, இங்க வாயேன். எறும்பைப் பாரு.”

பார்த்தேன். இழைக்கு இழை எறும்பு. வளைவுக்கு வளைவு எறும்பு. ஒன்றுகூட நகரவில்லை! மாவைச் சுமக்க வந்தவை மாவிலேயே மடிந்திருந்தன. வெள்ளைக் கோலம் கறுப்புக் கோலமாகக் கிடந்தது. நடுவில் ஒரு குருவி, கால்களை வானுக்குத் தூக்கியபடி. தெருவில் ஒரு கீச்சொலி உண்டா? இல்லை!

“மாவுல ஒரு நெடி அடிச்சுது. புதுச் சாக்கு வாசனைன்னு நெனச்சேன்,” என்றவர் சட்டென்று என் கையைப் பிடித்தார். “பக்கத்துத் தெரு பீபி ஜானும் என்கூடத்தான் மாவு வாங்கினா!”

ஓடினோம். பீபி ஜான் வீட்டில் ஆவி பறக்கும் புட்டு, சுற்றிலும் பிள்ளைகள். சந்திரம்மாள் தட்டைத் தட்டிவிட்டார்.

“என்னாக்கா இது? புள்ளைங்க பசியோட இருக்குதுங்க!”

“பசியோட இருக்கட்டும். உசுரோட இருக்கட்டும்!”

என்ன, அங்கே ஒருவர் கேட்கிறீர்கள்? எந்தக் கடை என்றா? அங்கேதான் வருகிறேன், ஐயா.

அப்பாசாமியின் மளிகைக்கடை. கெட்டவர் அல்லர், கலப்படம் செய்பவரும் அல்லர். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். “எங்க மாவுல ஒண்ணும் இல்லீங்க. இன்னிக்குக் காலையில எங்க வீட்லயும் இதே மாவுலதான்…”

பேச்சு அங்கேயே அறுந்தது. அவர் கண்கள் மூலைக்குப் போயின. அங்கே இரண்டு மூட்டைகள். ஒன்றில் அரிசிமாவு, ஒன்றில் வேர்க்கடலைப் பயிருக்குத் தூவும் பூச்சிமருந்து. இரண்டும் வெள்ளை. இரண்டின் மேலும் ஓர் எழுத்து இல்லை! மாவு டப்பா காலியானபோது எந்த மூட்டையிலிருந்து அள்ளி நிரப்பினார்? அவருக்கே தெரியவில்லை.

கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடினார், பின்னாலேயே நாங்களும். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கல்லில் ஒரு ரொட்டி கருகிக்கொண்டிருந்தது, தட்டில் ஒன்று பாதி தின்றபடி கிடந்தது. பக்கத்தில் அவர் மனைவி ரேணுகாம்பாள், விரல்களில் மாவு காயாமல், யாரோ கயிறு கட்டி இழுப்பதைப்போல் கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கக் கிடந்தார். வேன் பிடித்துத் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டோம். ஆஸ்பத்திரி வாசலை அடைவதற்குள் அந்த உடல் அடங்கிவிட்டது.

தாய்மார்களே! பொட்டலத்தில் பெயர் இருக்கவேண்டும், தேதி இருக்கவேண்டும், செய்தவர் முகவரி இருக்கவேண்டும் என்கிறார்களே, யாருக்காக? அதிகாரிக்காகவா? ஆவணத்துக்காகவா? அடுப்படியில் நிற்கும் உங்களுக்காக! உங்கள் கையால் உண்ணும் உயிர்களுக்காக!

வழக்கு நடந்தது, தண்டனையும் முடிந்தது. அப்பாசாமி மறுபடி கடை திறந்தார். சென்ற வாரம் போனேன். மூட்டைக்கு மூட்டை, டப்பாவுக்கு டப்பா, அவர் கையாலேயே பெயர் எழுதி ஒட்டியிருந்தார். உப்பு மூட்டையிலும் ‘உப்பு’ என்று இருந்தது.

“உப்புக்குமாங்க பேரு?” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “ரேணுகா இருந்திருந்தா, அவளும் இப்படித்தாங்க கேட்டிருப்பா,” என்றார்.

கேளுங்கள், தாய்மார்களே! பெயரில்லாப் பொட்டலத்தைக் கையால் தொடாதீர்கள்! வாய்ப்பளித்த தலைவருக்கும், செவிகொடுத்துக் கேட்ட உங்களுக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்!